வெண்புள்ளியும் வாய்மையும்

பொதுக்காலம் ஆண்டின் 6ஆம் ஞாயிறன்று, மூன்றாண்டுச் சுழற்சியின் இரண்டாம் ஆண்டில், லேவியர் நூலின் 13ஆம் அதிகாரத்திலிருந்து முதல் வாசகம் படிக்கப்படுகிறது. இறுதியாக 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் நம் ஆலயங்களில் அதைக் கேட்டோம். தோலில் தடிப்போ வெண்படலமோ கண்டவரைக் குருவிடம் கொண்டுவர வேண்டும் என்று அவ்வாசகம் தொடங்குகிறது. நோயாளி கிழிந்த உடையோடும் கலைந்த தலையோடும் தன்னைத் தானே தீட்டு என்று கூவிக்கொண்டு பாளையத்திற்கு வெளியே தனித்திருக்க வேண்டும் என்று முடிகிறது. தொடக்கத்தின் இரண்டு வசனங்களுக்கும் முடிவின் மூன்று வசனங்களுக்கும் இடையே நாற்பத்தோரு வசனங்கள் விடுபட்டுள்ளன. வாசகத்தைச் சுருக்கியவர்களைக் குறைகூறுவதற்கில்லை. அன்றைய நற்செய்தியில் ஆண்டவர் தொழுநோயாளரைத் தொடுகிறார். அந்தத் தொடுதலின் ஆழத்தை உணர இவ்வளவு பின்புலம் போதும். ஆயினும் விடுபட்ட பகுதியில் 38, 39 என்னும் இரு வசனங்கள் உள்ளன. நம் மக்கள் அவற்றைக் கேட்காமலே போவதுதான் வருத்தத்திற்குரியது.

ஓர் ஆணின் தோலிலோ பெண்ணின் தோலிலோ வெண்ணிறப் புள்ளிகள் தோன்றினால் குரு உற்றுநோக்க வேண்டும், அவை மங்கிய வெண்மையாய் இருப்பின் அது தோலில் படர்ந்த வெறும் படையே, அவர் தூய்மையானவர். இதுவே அவ்வசனங்களின் சாரம். எபிரேய மூலத்தில் இதற்குப் 'போஹாக்' என்று பெயர். தீட்டுக்குரிய நோயின் பெயரோ 'ட்சாராத்'. இரண்டும் வெவ்வேறு சொற்கள்; திருச்சட்டம் இரண்டையும் பிரித்தே நிறுத்துகிறது. போஹாக் என்பது இன்று நாம் வெண்புள்ளி என்றழைக்கும் அதே நோய்தான் என்று அறுதியிட்டுக் கூற இடமில்லை. பழைய நூலின் விவரிப்பைக் கொண்டு இன்றைய நோய்க்குப் பெயரிடுவது இடர்ப்பாடான முயற்சி. ஆனால் ஒன்று தெளிவு: வெண்மை என்ற ஒரே காரணத்தால் எவரும் தீட்டாவதில்லை. அதே அதிகாரத்தின் 12, 13 வசனங்கள் இன்னும் வியப்பூட்டுகின்றன. தலைமுதல் கால்வரை ஒருவரின் தோல் முழுவதும் வெளுத்துப் போயிருந்தால், அவரையும் தூய்மையானவர் என்றே குரு அறிவிக்க வேண்டும்.

கடுமையானது என்று நாம் எண்ணும் பழைய சட்டம் இவ்வாறிருக்க, அருளின் காலத்தில் வாழும் நாம் வெண்புள்ளி கண்டவரை எவ்வாறு நடத்துகிறோம்? குறிப்பாகத் திருமணப் பேச்சு எழும்போது எவ்வாறு நடத்துகிறோம்? அங்கே எழும் அறச்சிக்கல் ஒன்றைப் பற்றியே இங்கு எழுத எண்ணினேன். ஆனால் அதற்கு முன் நோயைப் பற்றிச் சிறிது தெளிவு வேண்டும். அறியாமையின் மேல் அறம் நிற்காது.

குழப்பம் சொல்லிலேயே தொடங்கிவிட்டது. ட்சாராத் என்னும் எபிரேயச் சொல்லைக் கிரேக்கத்தில் பெயர்த்த எழுபதின்மர் 'லெப்ரா' என்று எழுதினர். அன்றைய கிரேக்க மருத்துவத்தில் அச்சொல் செதிள் செதிளாய் உரியும் தோல்நோய்களைக் குறித்தது. இன்று நாம் தொழுநோய் என்றழைப்பதற்குக் கிரேக்கரிடம் வேறு பெயர் இருந்தது. இலத்தீன் விவிலியமும் லெப்ரா என்றே சொல்லிற்று. காலப்போக்கில் அப்பெயர் தொழுநோய்க்கு உரியதாகிவிட்டது. பனிபோல வெளுத்ததாக விவிலியம் கூறும் மோசேயின் கை, மிரியாமின் மேனி, எலிசாவின் பணியாளன் கேகசியின் உடல் எல்லாம் மக்கள் மனத்தில் தொழுநோயாக ஒட்டிக்கொண்டன. உண்மையில் தொழுநோய் எவரையும் பனிபோல வெளுக்கச் செய்வதில்லை.

தமிழிலும் இதே கதை நடந்தது. பழைய மருத்துவ நூல்கள் தோல்நோய்கள் பலவற்றைக் குட்டம் என்னும் ஒரே கூரையின்கீழ் அடக்கின. அவ்வழியே வெண்புள்ளிக்கு 'வெண்குட்டம்', 'வெண்குஷ்டம்' என்ற பெயர் நிலைத்தது. நம் மாவட்டத்தின் எல்லையைத் தாண்டினால் மலையாளத்தில் 'வெள்ளப்பாண்டு' என்பார்கள். அதில் குஷ்டம் இல்லை. சென்னையில் கே. உமாபதி முன்னின்று நடத்திய 'வெண்புள்ளிகள் விழிப்புணர்வு இயக்கம் – இந்தியா' இந்தப் பெயரை மாற்றக் கோரி நெடுங்காலம் போராடியது. அதன் பயனாக 2010இல் தமிழ்நாடு அரசு, இனி இந்நோயை 'வெண்புள்ளிகள்' என்றே குறிப்பிட வேண்டும் என ஆணை பிறப்பித்தது. அரசாணை அலுவலகக் கோப்புகளை மாற்றியிருக்கிறது. திருமணப் பேச்சு நடக்கும் திண்ணைகளில் பழைய சொல் இன்றும் உலவுகிறது. குஷ்டம் என்று சொன்னபின் அதன்மீது எத்தனை விளக்கம் அடுக்கினாலும் கேட்பவர் காதில் குஷ்டம் ஒன்றே நிற்கும்.

நான் மருத்துவன் அல்லேன். ஆயினும் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததைச் சொல்கிறேன். நம் தோலில் மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் செல்கள் உள்ளன. கறுத்தவருக்கும் சிவந்தவருக்கும் அச்செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. அவை ஆக்கும் நிறமியின் அளவிலும் வகையிலும்தான் வேறுபாடு. ("நல்ல நிறமான பெண் தேவை" என்று விளம்பரம் கொடுப்போர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.) உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தவறிப்போய் இந்த நிறமிச் செல்களையே பகையாகக் கருதித் தாக்கி அழிக்கும்போது, அவ்விடம் வெளுக்கிறது. இதுவே வெண்புள்ளி. கிருமி இதற்குக் காரணமன்று. தொட்டாலோ, ஒரே தட்டில் உண்டாலோ, ஒரே பாயில் உறங்கினாலோ பரவாது. உலக மக்களுள் நூற்றுக்கு ஒருவர் அளவில் இது காணப்படுகிறது. ஆயிரம் பேர் கூடும் ஒரு ஞாயிறு திருப்பலியில், வெளியே தெரிந்தும் தெரியாமலும், பத்துப்பேர் இருப்பர் என்று கொள்ளலாம்.

தொழுநோயோ 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்த கிருமியால் வருவது. அதன் தேமல் சுண்ணாம்புபோல வெளுக்காது. சற்று மங்கியோ சிவந்தோ இருக்கும். பெரும்பாலும் அவ்விடத்தில் உணர்ச்சி குன்றியிருக்கும். வெண்புள்ளியில் உணர்ச்சி முழுமையாக இருக்கும். தொழுநோயும் இன்று கூட்டுமருந்தால் முற்றிலும் குணமாகக்கூடியது. ஆகவே 'இது தொழுநோய் இல்லை' என்று வெண்புள்ளிக்காரரைத் தேற்றும்போது, தொழுநோயாளரைத் தள்ளிவைப்பது சரியே என்பதுபோல் நம் பேச்சு ஒலிக்காதிருக்கட்டும்.

வெண்புள்ளியில் இரு பெரும்பிரிவுகள் உண்டு. ஒன்று உடலின் ஒரு பக்கத்தோடு, ஒரு பட்டைபோல நின்றுவிடுவது. இது பெரும்பாலும் இளவயதில் தோன்றி, சில காலம் விரைந்து பரவிப் பின் அடங்கிவிடும். மற்றொன்று இருபுறமும் ஒத்துத் தோன்றுவது: இரு கைகள், இரு முழங்கால்கள், கண்களைச் சுற்றி, உதட்டோரம். மிகப் பலருக்கு வருவது இதுவே. இது எப்போது பரவும், எப்போது நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்வதற்கில்லை. சிலருக்கு விரல்நுனிகளிலும் உதட்டிலும் மட்டும் காணும்; மிகச் சிலருக்கு மேனி முழுவதுமே வெளுக்கும். பாதிக்கப்பட்டோருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இருபது வயதுக்குள் தொடங்கிவிடுகிறது. நம் நாட்டில் திருமணப் பேச்சு எழும் வயதும் அதற்கு அடுத்ததே. தைராய்டு கோளாறு சிலருக்கு உடன்வருவதால் மருத்துவர் அதையும் சோதிப்பார். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்புச் சற்றுக் கூடுகிறது என்பது உண்மையே. ஆனால் வெண்புள்ளி உள்ளோரின் பிள்ளைகளுள் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை.

வெண்புள்ளிபோலத் தோன்றும் இன்னொன்றையும் இரப்பர்த் தோட்டங்கள் நிறைந்த நம் மாவட்டத்தார் அறிந்திருப்பது நல்லது. சில இரசாயனங்கள் தோலில் படும் இடத்தில் நிறமிச் செல்களை அழித்துவிடும். 1939இல் அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் ஆலையின் தொழிலாளர்களுக்குக் கைகள் வெளுத்ததை ஆராய்ந்தபோது, அவர்கள் அணிந்த இரப்பர்க் கையுறையில் கலந்திருந்த ஒரு வேதிப்பொருளே காரணம் எனக் கண்டனர். குற்றவாளி மரத்தின் பால் அன்று. இரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் பொருள்தான். செருப்பின் வார் படும் இடத்தில் வார்வடிவாகவும், ஒட்டுப்பொட்டு வைக்கும் நெற்றியில் வட்டமாகவும் வெளுப்பது இவ்வகையினதாக இருக்கலாம். பொருளை மாற்றினாலே மேலும் பரவாமல் தடுக்கலாம்.

இனி மீனும் பாலும். மீனுண்டு பால் குடித்தால் மேனி வெளுக்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியுள்ளது. கடற்கரையில் மீனின்றி ஒருவேளை உணவில்லாத ஊர்களில், ஒரு குழந்தைக்கு வெண்புள்ளி கண்டதும், "என்ன கொடுத்தாய்?" என்று தாயைத்தான் முதலில் கேட்பார்கள். இதற்கு மருத்துவ ஆதாரம் எதுவுமில்லை. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டபோது, இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் ஆண்டவரிடம் கேட்டார்கள். நாம் பாவம் என்னும் சொல்லை எடுத்துவிட்டுப் பால் என்று வைத்துக்கொண்டோம், கேள்வி மாறவில்லை. சீடர்களுக்கு ஆண்டவர் அளித்த மறுப்பு நமக்கும் உரியது.

மருத்துவம் உண்டா என்றால், உண்டு. முழு உறுதி தரும் மருத்துவம் இல்லை. மேற்பூச்சாக ஸ்டீராய்டு, டாக்ரோலிமஸ் போன்ற களிம்புகள். குறுகிய அலைநீளப் புற ஊதாக் கதிரை வாரம் இரண்டு மூன்று முறை பல மாதங்கள் செலுத்துதல். விரைந்து பரவும்போது அதைத் தடுக்க வாரத்தில் இரு நாள் மட்டும் ஸ்டீராய்டு மாத்திரை. கடைசியாகச் சொன்ன முறை டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் மருத்துவர் பஸ்ரிச்சா வகுத்தது. ஓராண்டேனும் பரவாமல் நின்றுவிட்ட புள்ளிக்கு, நிறமுள்ள இடத்துத் தோலையோ நிறமிச் செல்களையோ எடுத்து நடும் அறுவை முறையும் உண்டு. முகமும் கழுத்தும் எளிதில் இணங்கும். விரல்நுனியும் உதடும் பிடிவாதம் செய்யும். புள்ளியின் மேலுள்ள உரோமமும் நரைத்துவிட்டால் நிறம் திரும்புவது அரிது. இழந்த நிறத்தை மீட்பதற்கென்று அமெரிக்க அரசு ஏற்ற முதல் மருந்து, ருக்சோலிட்டினிப் என்னும் களிம்பு, 2022 ஜூலையில்தான் வந்தது. மேனியின் பெரும்பகுதி வெளுத்தவர்களுக்கு, எஞ்சிய நிறத்தையும் நீக்கி ஒரே சீராக்கும் வழியும் உண்டு. அதற்குப் பயன்படுவது முன்சொன்ன கையுறையில் தொல்லை தந்த அதே வேதிப்பொருள் என்பது விந்தை. வெளுத்த இடம் வெயிலில் எளிதில் கருகும். கட்டுமரத்திலும் வள்ளத்திலும் நாள்முழுதும் நிற்பவர்கள் அதை மூடிக்கொள்வது நலம்.

நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாய்க் கையாளும் கார்போகரிசியை இகழ்வதற்கில்லை. அதிலுள்ள சோராலின் என்னும் பொருள் வெயில் படும்போது வேலை செய்கிறது. 1940களில் எகிப்திய மருத்துவர் எல் மோஃப்டி, தம் நாட்டில் வழங்கிய வேறொரு மூலிகையிலிருந்து பிரித்த இதே இனப் பொருளைக் கொண்டு ஆய்வுகள் நடத்தினார். பிற்கால ஒளிமருத்துவம் அவ்வழியே வளர்ந்தது. ஆனால் அளவு மிஞ்சினால் அதே அரிசி தோலைக் கொப்புளிக்கச் செய்துவிடும். கைதேர்ந்தவர் துணையின்றி வீட்டில் அரைத்துப் பூசலாகாது. முப்பதே நாளில் வெண்புள்ளி மறையும் என்று சுவரொட்டி ஒட்டுவோரின் செயல் வேறு வகை. அவ்வாறு விளம்பரம் செய்வதைத் தடைசெய்யும் நடுவண் சட்டம் 1954ஆம் ஆண்டிலிருந்தே உள்ளது. அதன் பட்டியலில் இந்நோயும் அடங்கும். நகையை அடகுவைத்து அத்தகையோரிடம் கொடுப்பதைவிட, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவில் ஒருநாள் வரிசையில் நிற்பது மேல்.

இத்தனைக்குப் பிறகும் சிலருக்கு நிறம் திரும்புவதில்லை. புள்ளியோடுதான் வாழ்நாள் கழியும். அந்தப் புள்ளி வலிப்பதில்லை, உயிரைக் குறைப்பதில்லை, உழைப்பைத் தடுப்பதில்லை. பிறர் பார்வையில்தான் அது நோயாகிறது. ஆகவே மறைப்பதா, வெளிப்படுத்துவதா என்னும் கேள்வி பிறக்கிறது.

ஒரு பங்கில் நான் பணியாற்றியபோது ஒரு தாய் தம் மகளோடு வந்தார். பெண் படித்தவர், வேலைக்குச் செல்பவர். உடையில் மறையும் இடங்களில் மட்டும் வெண்புள்ளிகள். சம்பந்தம் பேசி முடியும் தறுவாயில் இருந்தது. தாய் கேட்டார்: "சாமி, நாங்க பொய் ஒண்ணும் சொல்லல்ல. அவங்க கேக்கவும் இல்ல. கேக்காததுக்கும் பதில் சொல்லணுமா?"

குருமடத்தில் நாங்கள் படித்த அறநெறி இறையியல் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிட்டது. பொய் குறித்து இரு நூல்கள் எழுதிய புனித அகுஸ்தினார், எக்காரணம் பற்றியும் பொய் கூறலாகாது என்பதில் சிறிதும் நெகிழாதவர். ஆயினும் பொய் கூறுவது வேறு, உண்மையை மறைத்துவைப்பது வேறு என்று அவரே பிரித்துக் காட்டுகிறார். புனித அக்குவினா தோமையாரும் அவ்வாறே. கேட்பவர் எல்லாருக்கும் எல்லா உண்மையையும் சொல்லும் கடமை எவருக்கும் இல்லை என்பதை 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் தெளிவாக்குகிறது. உண்மையை அறியும் உரிமை உள்ளவருக்கே அக்கடமை. எனவே தாயின் கேள்வியை இவ்வாறு திருப்பிக் கேட்க வேண்டும்: இந்தப் பெண்ணின் மேனியைப் பற்றிய உண்மையை அறியும் உரிமை யாருக்கு உண்டு?

மணமகனுக்கு உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. மேனியை மேனிக்குக் கையளிக்கும் உடன்படிக்கையல்லவா திருமணம்! முதல் நாளிலேயே "ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்வி எழுந்தால், அங்கே காயப்படுவது அழகுணர்ச்சி அன்று, நம்பிக்கை. ஆனால் மணமகனின் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் அவ்வுரிமை இல்லை. தரகருக்கு இல்லை. ஊருக்கு இல்லவே இல்லை. நான் அவ்வாறே சொன்னேன். அப்பெண் அந்த இளைஞரிடம் தாமே, நேரில், நிச்சயத்திற்கு முன்பே சொன்னார்.

ஒரு வாரத்தில் 'வேண்டாம்' என்று செய்தி வந்தது. அது அவர்களின் உரிமை என்று விட்டுவிடலாம். ஆனால் மாதம் முடிவதற்குள் செய்தி ஊர்ச் சந்தையில் பேசப்பட்டது. பேசப்பட்டது பழைய சொல்லில். தங்கையைப் பெண் பார்க்க வருவதாயிருந்தவர்களும் வரவில்லை.

இங்கே சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் வாய்மை காத்தார். ஒருவர் தம் விருப்பப்படி விலகினார். நம்பிச் சொல்லப்பட்ட ஒரு மறைபொருளைச் சிலர் அம்பலமாக்கினர். பிறரது உண்மையான குற்றத்தையே தக்க காரணமின்றி வெளிப்படுத்துவது எட்டாம் கட்டளைக்கு எதிரான பாவம் என்று திருச்சபை கற்பிக்கிறது. இங்கு வெளிப்படுத்தப்பட்டதோ குற்றம்கூட அன்று. ஆனால் ஊரார் ஒருவரும் அதைப் பாவமாகப் பேசவில்லை; "முன்னமே சொன்னது நல்லதாய்ப் போயிற்று" என்று பெண்ணின் நேர்மையைப் பாராட்டியவாறே அவரைக் கைவிட்டனர். நான் கூறிய அறிவுரை சரியானது என்றே இன்றும் கருதுகிறேன். ஆயினும் அந்த உண்மைக்கு உரிய விலை முழுவதையும் அப்பெண் ஒருவரே செலுத்தினார். மற்றவர் எவரும் ஒரு காசும் செலுத்தவில்லை. அவரிடம் உண்மையைக் கேட்கும் ஊர், உண்மை சொன்னபின் அவரைக் காக்க வேண்டிய கடனையும் ஏற்க வேண்டாமா?

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1098ஆம் பிரிவை இங்கே சிலர் எடுத்துக்காட்டுவர். இல்வாழ்வின் ஒன்றிப்பைத் தன் இயல்பாலேயே கடுமையாகக் குலைக்கவல்ல ஒரு தன்மையைப் பற்றி வஞ்சகமாக ஏமாற்றி இசைவு பெற்றால் அத்திருமணம் செல்லாது என்கிறது அப்பிரிவு. பழைய 1917ஆம் ஆண்டுத் தொகுப்பில் இத்தகைய விதி இல்லை. வெண்புள்ளி இதில் அடங்குமா? வழக்கை மன்றம் தீர்மானிக்கட்டும். ஆனால் 'தன் இயல்பால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். வெண்புள்ளி தன் இயல்பால் இல்வாழ்வைக் குலைப்பதில்லை. சுற்றத்தாரின் இயல்புதான் குலைக்கிறது. நாட்டுச் சட்டமும் இதைக் காரணமாக ஏற்றதில்லை. கிறித்தவர்களுக்குரிய 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டம் உள்ளிட்ட ஐந்து சட்டங்களில் தொழுநோய் ஒரு காரணமாக இடம்பெற்றிருந்தது. அதையும் 2019இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. வெண்புள்ளி அவற்றில் ஒருபோதும் இருந்ததில்லை.

அதே வேளையில், தன் இயல்பாலேயே இல்வாழ்வைக் குலைப்பது எது என்று நம் பங்குகளில் பணியாற்றும் எந்தக் குருவையும் கேளுங்கள், குடி என்பார். மணமகனின் குடிப்பழக்கத்தை மறைத்து நடந்த திருமணங்களின் கண்ணீரை நாங்கள் நித்தமும் காண்கிறோம். அதை மறைப்பவரை ஊர் வஞ்சகர் என்று சொல்வதில்லை; "கல்யாணம் ஆனால் திருந்திவிடுவான்" என்று சொல்கிறது. பெண்ணின் முழங்காலில் உள்ள ஒரு வெண்மைக்கோ மன்னிப்பில்லை. அல்லது, அதற்கும் ஒரு விலை உண்டு. இத்தனை பவுன் கூடுதலாகப் போட்டால் புள்ளி மங்கிவிடும்; இன்னும் சில இலட்சம் தந்தால் மறைந்தே விடும்! வரதட்சணைக்குப் பேர்போன நம் மாவட்டத்தில் இதை யாரும் புதிதாகக் கேள்விப்படப் போவதில்லை. பணம் பெற்றுக்கொண்டு பொறுத்துக்கொள்ளும் ஒன்று, உண்மையில் பொறுக்க முடியாததாக இருந்திருக்க முடியாது.

நம் மண்ணின் வரலாற்றில் மேனிக்கும் மானத்திற்கும் நெடிய தொடர்பு உண்டு. தங்கள் மேனியை மூடிக்கொள்ளும் உரிமைக்காக இங்குள்ள பெண்கள் போராடிய தோள்சீலைப் போராட்டம், 1859 ஜூலை 26இல் திருவிதாங்கூர் மன்னர் வெளியிட்ட பிரகடனம் வரை நீடித்தது. மறைக்கும் உரிமையை அவர்கள் விடுதலையாகப் பெற்றனர். இன்று வெண்புள்ளி கண்ட ஒரு மாணவி கோடை வெயிலிலும் மணிக்கட்டு வரை கையை மூடிக்கொண்டு கல்லூரிக்குச் செல்வதைக் காணும்போது, மறைப்பது அவளுக்கு விடுதலையாக இல்லை என்பது தெரிகிறது. மறைக்க விரும்பினால் மறைக்கவும், விரும்பாவிட்டால் திறந்திருக்கவும் இயல்வதே அவளுக்கு உரியது. தன் மேனியைப் பற்றி எவருக்கு, எப்போது சொல்வது என்பதை அவளே தீர்மானிக்க வேண்டும்; தரகரோ அயலாரோ அன்று.

மிரியாமின் நிகழ்ச்சியை எண்ணிக்கை நூலின் 12ஆம் அதிகாரத்தில் மீண்டும் படித்துப் பாருங்கள். மோசே கூசு நாட்டுப் பெண்ணை மணந்திருந்தார். கூசு என்பது எகிப்துக்குத் தெற்கே, கருநிற மக்கள் வாழ்ந்த நாடு. அத்திருமணத்தைக் காட்டி மிரியாமும் ஆரோனும் மோசேக்கு எதிராகப் பேசினர். அதன்பின் மிரியாமின் மேனி பனிபோல வெளுத்தது. நூலாசிரியர் இந்த நிற முரணைக் கருதித்தான் எழுதினாரோ இல்லையோ, வெள்ளைத் தோலுக்கு ஏங்கும் நாம் அதைக் கருதலாம். என்னை மேலும் கவர்வது பின்னால் வரும் ஒரு சிறு குறிப்பு. மிரியாம் ஏழு நாள் பாளையத்திற்கு வெளியே இருந்தார். அவர் திரும்பக் கொண்டுவரப்படும்வரை மக்கள் பயணம் புறப்படவில்லை. பாலைநிலத்தில், பெண்டு பிள்ளைகளோடும் ஆடு மாடுகளோடும், ஒரு மக்களினமே ஒருவருக்காகக் காத்திருந்தது.

பழைய சட்டத்தின்படி குருவின் வேலை நோயைக் குணமாக்குவது அன்று. உற்றுப் பார்ப்பதும், பார்த்ததை மக்கள் முன் அறிவிப்பதுமே. தூய்மையானவர் என்று குரு அறிவித்தபின் அவரை விலக்கிவைக்க எவருக்கும் உரிமையில்லை. இப்பணி நம்மைவிட்டு முற்றிலும் நீங்கிவிட்டதாக நான் எண்ணவில்லை. திருமணத் தயாரிப்பு வகுப்பில் தோல் மருத்துவர் ஒருவர் ஒரு மணிநேரம் பேச ஏற்பாடு செய்யலாம். அன்பியக் கூட்டங்களில் லேவியர் நூலின் விடுபட்ட அந்த வசனங்களைப் படிக்கலாம். மறையுரையில் குஷ்டம் என்னும் பழைய சொல்லை வெண்புள்ளிக்குப் பயன்படுத்தாதிருக்கலாம். இவற்றுக்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை.

ஓலை வாசிப்பதற்கு முன்பு மணமகன் வீட்டார் பங்கு இல்லத்திற்கு வந்து, "பெண்ணின் மேனியில் ஏதேனும் குறை உண்டா சாமி?" என்று தணிந்த குரலில் விசாரிப்பது இன்றும் நடக்கிறது. தெரிந்திருந்தாலும் தெரியாதிருந்தாலும் அதை நான் சொல்வதில்லை. பெண்ணிடம் பையனே நேரில் பேசட்டும் என்பேன். பிறகு அவர்களிடம் நானும் சில கேள்விகள் கேட்பேன்: பையன் குடிப்பாரா? கடன் எவ்வளவு? முன்னர் வேறெங்கேனும் நிச்சயமாகி முறிந்ததா? சிலர் உடனே எழுந்து போய்விடுகிறார்கள். சிலர் எழுவதில்லை, அவர்களுக்குக் காப்பி வரவழைத்து, கதவைச் சாத்திவிட்டு, முதலிலிருந்து பேசத் தொடங்குவேன்.